குளத்தூர்னா எந்தக் குளத்தூர்?

எங்கள் குடும்பத்துக்குப் பூர்வீகம் மூன்று. பெரியப்பா தூத்துக்குடி என்பார். தாத்தாவின் இந்தியப் பாஸ்போர்ட்டுக்காகக் கொடுத்த விண்ணப்பத்தின் நகலில் திருச்சி ஜில்லா, முசிறி தாலுகாவில் ஒரு கிராமம் எழுதியிருக்கிறது. அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, உயிரோடு இருந்தவரை சொன்னது ஒரே பேர்தான்: குளத்தூர். எந்தக் குளத்தூர் அப்பாயி என்று கேட்டால், "நம்ம குளத்தூருதேன், வேற எது?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நான் பிறந்து வளர்ந்தது நீலகிரியில் கூடலூர்ப் பக்கம். வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுபதுகளில் வந்தவர்கள். 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி, நாடற்றவர்களாக நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பதென்றும் முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பம் இந்தியக் கணக்கில் விழுந்தது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அரசாங்கக் காகிதத்தில் "தாயகம் திரும்பியோர்". ஊர்க்காரர்களுக்கு "சிலோன்காரங்க". திரும்பி வந்தது எந்த ஊருக்கு என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

பூர்வீகம் தேடுவதைப் பற்றி யார் பேசினாலும் முதலில் ஆவணக் காப்பகத்தைத்தான் சொல்வார்கள். தென்னாப்பிரிக்கா, மொரிஷியஸ், பிஜி போனவர்களின் வாரிசுகளுக்கு அது சரி. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது. எண், பேர், அப்பா பேர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் அதில் பதிந்திருப்பார்கள். மொரிஷியஸில் மோகா ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பலருக்குப் போட்டோவே உண்டு. அங்கே தலைவலி எழுத்தில்தான்: வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பேரை உரக்க வாசித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

இலங்கைக் கதை வேறு. அங்கே ஆள் பிடித்தது கங்காணி. தன் ஊரிலும் அக்கம்பக்கத்திலும் சொந்தக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போனார். ஆளுக்கு ஒரு ஒப்பந்தம் என்பது இல்லை, கங்காணியின் கடன் கணக்கு மட்டும்தான். அந்தக் கணக்குப் புத்தகம் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் உண்டு. ஆகவே மலையகக் குடும்பங்கள் பாட்டி வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். காகிதம் அப்புறம்தான் வரும், அதுவும் சந்தேகத்தோடு.

ஏன் சந்தேகம் என்கிறேன் என்றால், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, 1949-ம் வருட இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் இலங்கைக் குடியுரிமை கேட்டுக் கொடுத்த சத்தியக் கடதாசியின் நகல். அதில் "எனக்கு இந்தியாவில் காணி பூமியோ உறவினரோ கிடையாது" என்று இருக்கிறது. இன்னொன்று, நான் மேலே சொன்ன முசிறி விண்ணப்பம். அதில் இந்தியாவில் ஊர், தாலுகா, சிற்றப்பன் பேர் வரைக்கும் இருக்கிறது. இரண்டிலும் தாத்தாவின் அதே கைநாட்டு.

ரொம்ப நாள் இதை நான் தாத்தாவின் தடுமாற்றம் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தைதான் விளக்கினார். முதல் காகிதம் கொடுத்த காலத்தில் இந்தியாவோடு ஒட்டும் உறவும் இருக்கிறது என்று தெரிந்தால் மனு தள்ளுபடி. 1946-க்கு முந்தின வருடங்களில் தொடர்ந்து இலங்கையிலேயே குடியிருந்ததாகக் காட்ட வேண்டும், நடுவில் ஊருக்குப் போய்வந்தது தெரிந்தால் அதையே காரணமாகச் சொல்லி மறுத்தார்கள். விண்ணப்பித்தவர்களில் மிகச் சிறு பகுதிக்கே குடியுரிமை கிடைத்தது. ஆகவே ஊருக்கு மணியார்டர் அனுப்பிய ரசீது, காயிதம் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அதே ஆட்களிடம் "இந்தியாவில் எந்த ஊர், சொல்" என்று படிவம் நீட்டினார்கள். "படிவம் எழுதினவரு முசிறிக்காரரு. எங்க லயத்துல பாதிப் பேருக்கு அந்த ஒரே ஊருதான் எழுதியிருக்கு, எடுத்துப் பாரு" என்றார் அத்தை. லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்பு வரிசை.

அதற்குப் பிறகு எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும், இதை யார் கேட்டார்கள், எதற்காகக் கேட்டார்கள், என்ன சொன்னால் இவர்களுக்கு நல்லது என்றுதான் முதலில் யோசிக்கிறேன். வாய்மொழிக்கும் அது பொருந்தும். எங்கள் வீட்டில் ஊர்ப் பேர் தானாக மறந்து போகவில்லை. பிள்ளைகள் வெளியே உளறிவிடக் கூடாதென்று சொல்லாமலே விட்டார்கள்.

இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அறுபதுகளில் பிறந்த என் சித்தப்பாவின் சான்றிதழில், பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பேர், பிறந்த வருடம், இடம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. பூட்டனாருக்கும் ஒரு கட்டம். குடியுரிமைச் சட்டம் பரம்பரை கேட்டதால் வந்த கட்டங்கள் இவை. சித்தப்பாவுடையதில் இரண்டிலும் ஒரு கோடுதான் இழுத்திருக்கிறது. சித்தப்பாவின் பாட்டனார், அதாவது என் கொள்ளுத்தாத்தா அடைக்கலம், இலங்கையில் பிறக்கவில்லை என்று அந்தக் கோட்டுக்கு அர்த்தம் சொல்லலாம். தோட்டத்து கிளார்க்குக்குக் கேட்க நேரமில்லை என்றும் சொல்லலாம். அதனால் அதைப் பாதிச் சாட்சியாகத்தான் வைத்திருக்கிறேன்.

பெரியவர்களிடம் பேசும்போது "நம்ம ஊரு எது?" என்று நேராகக் கேட்டால் நடக்காது. ஊர்ப் பேர் மறந்திருக்கும், அல்லது எல்லாருக்கும் சொல்லும் அதே வாசகம் வரும். நான் கேட்டதெல்லாம் சடங்கைப் பற்றி. முதல் மொட்டை யாருக்கு எங்கே போட்டது? காது குத்தும்போது மாமன் மடி யாருடையது? கங்காணி நமக்கு என்ன முறை? எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டு செய்யாமல் விட்டது? யார் யாரோடு சம்பந்தம் பண்ணக் கூடாது என்று வைத்திருந்தார்கள்? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்ற கணக்கு, ஊர்ப் பேரே அழிந்த பிறகும் கல்யாணப் பேச்சில் பிழைத்துக் கிடக்கிறது. இன்னொன்று: வாக்கப்பட்டு வந்த பெண்களைக் கேளுங்கள். ஆண்கள் அவரவர் அப்பன் வழியை மட்டும் சொல்வார்கள். மருமகள்களுக்கு இரண்டு பக்கமும் தெரியும், சண்டை உட்பட. கூடுமானால் இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் "இல்லக்கா, அது உங்க சித்தப்பன் வீட்டுக் கதை" என்று வெட்டும் இடத்தில்தான் விஷயம் இருக்கும். போனில் பதிவு செய்வது நல்லது, ஆனால் போனை முகத்துக்கு நேரே நீட்டினால் பேட்டி கொடுக்கிற பாஷையில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

அப்படிக் கிடைத்த கதைகளுக்குக் காலம் குறிப்பது அடுத்த வேலை. எங்கள் வீட்டுக் கதைப்படி, தாது வருஷப் பஞ்சத்தில் கொள்ளுத்தாத்தா கண்டிச்சீமைக்குப் போனார். பஞ்சம் 1876-78. தாத்தா பிறந்தது 1920களின் நடுவில். தாத்தா அவருக்குத் தலைப்பிள்ளை என்று வேறு சொல்கிறார்கள். கணக்கு உதைக்கிறது. பஞ்சம், கொள்ளைநோய், ஜமீன் கொடுமை மூன்றும் எல்லா வீட்டுக் கதையிலும் வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் பெரிய சம்பவங்களை விட்டுவிட்டு, கதையில் வரும் சாமான்களைப் பார்த்தேன். "கழுத்துல தகர டிக்கெட்டு கட்டி விட்டாங்க" என்றால் 1901-க்குப் பிறகு, தகர டிக்கெட் முறை வந்ததே அப்போதுதான். "தனுஷ்கோடியில ரயில விட்டு எறங்கி அப்படியே கப்பல்" என்றால் 1914-க்குப் பிறகு, பாம்பன் பாலம் திறந்த வருடம் அது. 1939-ல் கூலி வேலைக்கு இலங்கை போவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. எங்கள் வீட்டுக் கதையில் தனுஷ்கோடி ரயில் வருகிறது. தாத்தா அந்தத் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவர் என்பதையும் சேர்த்தால், கொள்ளுத்தாத்தா போனது 1914-க்கும் 1925-க்கும் நடுவே என்று சுருங்கிவிட்டது. உங்கள் வீட்டுக் கதையில் ரயிலே இல்லாமல், மன்னாரிலிருந்து காடு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள் என்று வந்தால், இன்னும் முந்தின தலைமுறையைத் தேட வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு நல்ல காரியம் நடந்தது. தனுஷ்கோடி வழியாகப் போனவர் எப்படித் தூத்துக்குடிக்காரர் ஆனார்? விசாரித்ததில் தூத்துக்குடி அப்பாயியின் அப்பா வழி. அவர் அந்தத் துறைமுகத்தில் கொழும்புக் கப்பல் ஏறியிருக்கிறார். ஏறின இடத்தையே ஊர் என்று அவர் பிள்ளைகள் சொல்லப்போக, அது மருவி எங்கள் எல்லாருக்கும் பூர்வீகமாகிவிட்டது. நாகப்பட்டினம் என்று சொல்லும் மலேசியக் குடும்பங்களிலும் மெட்ராஸ் என்று சொல்லும் டர்பன் குடும்பங்களிலும் இதே கதை நிறைய உண்டு. பெரியப்பா பல வருடம் முன்னால் தூத்துக்குடி மாவட்டத்திலேயே விளாத்திகுளம் பக்கம் இருக்கும் குளத்தூருக்குப் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். பாவம், அவர் யோசித்ததில் தர்க்கம் இருந்தது: அம்மா வழியிலிருந்து துறைமுகத்தையும் அப்பா வழியிலிருந்து ஊரையும் எடுத்து ஒன்றாக்கினார். கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி என்று நமக்கு எட்டுப் பேர். நாம் தேடுவது என்னவோ ஒரே ஒருத்தரை.

லண்டனில் இருக்கும் எங்கள் சொந்தக்காரப் பையன் எச்சில் அனுப்பி டி.என்.ஏ. சோதனை செய்தான். தென்னிந்தியா என்று வந்தது. அதற்கு இவ்வளவு செலவு எதற்கு.

அடுத்த துப்பு அத்தையின் பீரோவில் இருந்தது. பழுப்பேறின மஞ்சள் துணியில் முடிந்த ஒரு காசு. அவிழ்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே அத்தையே முனையைக் கொஞ்சம் நெகிழ்த்திக் காட்டினார்: ஜார்ஜ் மன்னர் தலை போட்ட, மூலை மழுங்கிய சதுர ஐந்து சதம். தாத்தாவின் தம்பிக்கு அம்மை போட்டபோது கொள்ளுப்பாட்டி நல்லம்மா முடிந்து வைத்ததாம். எந்தச் சாமிக்கு என்றால், "நார்த்தாமலை மாரிக்கு". தோட்டத்தில் மாரியம்மன் கோயில் இருந்தது. அதை விட்டுவிட்டுக் கடலுக்கு அந்தப் பக்கத்து மாரிக்கு ஏன் நேர வேண்டும்?

நார்த்தாமலை திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகிற வழியில், கீரனூரைத் தாண்டி இருக்கிறது. அது இருக்கும் தாலுகாவின் பேர் குளத்தூர். தாலுகா ஆபீஸ் கீரனூரில், பேர் மட்டும் குளத்தூர் தாலுகா. புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்தில் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்று மூன்றே தாலுகாக்கள். அந்தப் பக்கத்திலிருந்து போனவர்கள் தூர தேசத்தில் தங்களைக் குளத்தூர்க்காரர்கள் என்று சொல்லிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. அப்பாயி சொன்னது ஊரே இல்லை, சீமை. 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து திருச்சி ஜில்லாவுக்குள் போனது, 1974 ஜனவரி 14-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. ஆக விண்ணப்பத்தில் இருந்த "திருச்சி ஜில்லா" முழுப் பொய்யும் இல்லை. உங்கள் காகிதத்தில் இருக்கும் ஜில்லாவை இன்றைய மாவட்ட வரைபடத்தில் தேடாதீர்கள். நாமக்கல்லைச் சேலத்திலும் கரூரைத் திருச்சியிலும் சிவகங்கையை ராமநாதபுரத்திலும் பார்க்க வேண்டிய காலம் இருந்தது.

தாலுகா கிடைத்தாலும் ஊர் கிடைக்கவில்லை. கையில் இருந்தது குலசாமி பேர். தோட்டத்தில் பதினோராம் நம்பர் மலை ஓரத்தில் ஒரு கல் நட்டு அடைக்கலங்காத்தான் என்று அய்யனாரைக் கும்பிட்டிருக்கிறார்கள். ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் கொண்டு போய் வைத்தது என்பது அத்தை கேட்ட கதை. வீட்டிலும் தலைமுறைக்கு ஒரு அடைக்கலம், ஒரு அடைக்கலம்மாள். அந்த வட்டாரத்தில் அய்யனார் கோயில்களுக்குப் பஞ்சமில்லை, அறநிலையத்துறைப் பட்டியலில் வராத கோயில்களே ஏராளம். அப்போது ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சொன்ன யோசனைதான் இந்தத் தேடலிலேயே மேலானது: "வேளாரக் கேளுங்க." புரவியெடுப்புக்கு மண்குதிரை செய்கிற வேளார் குடும்பங்களுக்கு, எந்த ஊர் எந்த அய்யனாருக்கு எத்தனை குதிரை எடுக்கும், எந்தக் கோயில் எந்த வகையறாவுக்குப் பாத்தியம் என்பதெல்லாம் மனப்பாடம். பல கோயில்களில் பூசாரியும் அவர்கள்தான். நாங்கள் பார்த்த வேளார், ஈரக் களிமண்ணில் குதிரையின் கழுத்துச் சலங்கையை ஒவ்வொன்றாக உருட்டி ஒட்டிக்கொண்டே, தலை நிமிராமல் இரண்டு ஊர்ப் பேர் சொன்னார். அந்தப் பேரில் சாமி அந்தத் திக்கில் இரண்டே இடத்தில்தானாம்.

ஊர்ப் பேர்களை இங்கே எழுதவில்லை. காரணம் கடைசியில் தெரியும்.

கிராமத்துக்குள் நுழையும்போது இரண்டு விஷயத்துக்குத் தயாராகப் போக வேண்டும். முதலாவது நிலம். "சொத்து கேட்டா வந்தீக?" என்று டீக்கடையிலேயே கேட்டார்கள். கோபமாக இல்லை, ஆனால் அது தீராமல் அடுத்த வார்த்தை நகராது. அத்தை சட்டென்று, "எங்களுக்கு மண்ணு வேணாமுங்க, சாமி யாருன்னு தெரிஞ்சா போதும்" என்றார். இதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. இரண்டாவது, "நீங்க எந்தத் தெரு?" சாதியைச் சொல்லாமல் ஒரு ஊரிலும் பூர்வீகம் தேட முடியாது. எனக்கு அது கசப்பு. சொன்ன பிறகு கை நீளும் திசையும் மாறும், குரலும் மாறும். மலையகம் போனவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய நில அளவைப் பதிவேடுகள் பார்க்கலாம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். பட்டா இருந்தவன் பேர்தான் அதில் இருக்கும். எங்கள் ஆளுக்குப் பட்டா இருந்திருந்தால் ஏன் கங்காணி பின்னால் போகப் போகிறார்?

முதல் ஊரில் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது ஊரில் கோயில் பெரியவர் ஒருவர், "கண்டிக்குப் போன அடைக்கலமா? ரெண்டு பேருல்ல போனாக. உங்காளு எது தாயி?" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, உடனே தலையும் சுற்றியது. தாத்தன் பேரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே வகையறாவில் பெரிய அடைக்கலம், சின்ன அடைக்கலம் என்று சித்தப்பன் பெரியப்பன் பிள்ளைகள். பெரிய அடைக்கலம் ஒரு காளைமாட்டுத் தகராறில் கோபித்துக்கொண்டு தனியாகப் போனவர், திரும்பவே இல்லை. சின்ன அடைக்கலம் பெண்டாட்டியோடு போய், ஒருமுறை வந்து தங்கையைக் கட்டிக்கொடுத்துவிட்டு மறுபடி போனவர். எங்கள் நல்லம்மா ஊரிலிருந்தே வாக்கப்பட்டு வந்தவளா, தோட்டத்தில் கட்டியவளா என்பது எங்களுக்குத் தெரியாது. நார்த்தாமலைக்குக் காசு முடிந்ததால் ஊர்ப் பக்கத்துப் பெண் என்று நான் நினைக்கிறேன். அப்படியானால் சின்ன அடைக்கலம். அத்தைக்கோ காளைமாட்டுக் கதைதான் பிடித்துவிட்டது. "நம்ம கோவம் அங்கருந்துதான் வந்திருக்கும்" என்கிறார்.

பெரியவர் கோயில் தலைக்கட்டு நோட்டை எடுத்து வந்து காட்டினார். கோடு போட்ட நீள நோட்டு, அட்டைக்குச் சாக்குத்துணி தைத்திருந்தது. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு, அவனுக்கு ஒரு கோயில் வரி. பழைய நோட்டுகளிலிருந்து பெயர்த்து எழுதிய வரிசையில் ஒரு இடத்தில் "அடைக்கலம், கண்டி" என்று எழுதி, வரி கட்ட வேண்டிய கட்டங்கள் பக்கம் பக்கமாக வெறுமையாகவே போயிருந்தன. பெரியவரா சின்னவரா என்பது அதில் இல்லை. போட்டோ எடுத்துக்கொள்ள விட்டார்கள். நோட்டைத் தொடும் முன் கேளுங்கள், பல ஊரில் அது சாமிப் பெட்டியோடு இருக்கும் பொருள்.

இப்போது நிலவரம் இதுதான். என் தம்பியைத் தலைக்கட்டில் சேர்க்கலாமா என்று பங்காளிகளுக்குள் பேச்சு. நான் தேடியதெல்லாம் சரி, பெண்ணுக்குத் தலைக்கட்டு இல்லை, அதனால் வரி தம்பி பேரில்தான். அதில் எனக்கு இருக்கும் எரிச்சலைத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். ஒரு தரப்பு சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது. இன்னொரு தரப்பு, "எந்த அடைக்கலம்னு முதல்ல ருசுப் பண்ணட்டும், நாளைக்கு அடுத்த அடைக்கலத்தோட வாரிசு வந்து நின்னா?" என்கிறது. நியாயமான கேள்வி. இதற்கு நடுவில் ஊர்ப் பேரை வெளியே எழுதி யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம் என்றுதான் விட்டேன்.

ஹட்டனில் இருக்கும் அத்தை மகள், தாத்தா கூடப் பிறந்தவர்களின் பிறப்புப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறாள். தோட்டத்துப் பதிவில் தாயின் பிறந்த இடத்தை யாராவது ஒரு கிளார்க் சிரமம் பார்க்காமல் எழுதியிருந்தால் நல்லம்மா விவகாரம் தீரும். அதுவரை, இந்த வருடப் புரவியெடுப்புக்கு நாங்கள் அனுப்பிய பணத்துக்கு "வரி" என்று போடாமல் "நன்கொடை, கூடலூர்" என்று ரசீது வந்திருக்கிறது. அத்தை அந்த ரசீதை வாங்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.